காலை ஐந்தரைக்கு அணையும் வண்டி

முதல் தடவை வண்டி அணைந்தபோது நாங்கள் நெடுஞ்சாலையின் குறுக்கே நின்றிருந்தோம். வண்டியின் மூக்கு நடுத்திட்டில் விட்டிருக்கும் இடைவெளிக்குள் இருந்தது. வால் பகுதி, கிருஷ்ணகிரியிலிருந்து வண்டிகள் வரும் தடத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. டிசம்பர் மாதம், இன்னும் விடியவில்லை, பனி வேறு. எங்கள் பக்கத்துப் பனி தளி மேட்டிலிருந்து இறங்கி வரும். ஆறு மணிக்கு முன்னால் தூரத்தில் தெரிவது லாரியா தெருவிளக்கா என்று சொல்ல முடியாது. நகர்ந்தால் லாரி.

சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது. இன்ஜின் ஒருமுறை இருமிவிட்டு அணைந்தது.

"ஒண்ணுமில்லப்பா" என்றேன். அப்பா ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

மறுபடி திருப்பினேன். அதற்குள் வலது கண்ணாடியில் வெளிச்சம் நிறைந்துவிட்டது. ஹாரன் அடிக்கவில்லை, ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். கருங்கல் பாளம் ஏற்றிய ட்ரெய்லர். பர்கூர்ப் பக்கத்துக் குவாரியிலிருந்து ராத்திரி கிளம்பி வருகிற வகை. அது ஒடித்துத் திரும்பி எங்கள் வாலை ஒட்டிப் போனபோது கார் தொட்டில்போல ஆடியது. ஜன்னலிலிருந்து தலையை நீட்டி ஓட்டுநர் கன்னடத்தில் கத்தினார்: "சாயோக்கே பந்தித்தீரா?" சாகவா வந்தீர்கள் என்று.

மூன்றாவது திருப்பில் பிடித்துக்கொண்டது.

கம்பெனி வாசலில் இறங்கி, கைத்தடியை ஊன்றி நிமிர்ந்த பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார். "சாயங்காலம் பெட்ரோலு ஊத்திரு தாயி."

டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. சரிப்பா என்றேன்.

அப்பாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. எட்டு வருஷத்துக்கு முன் இரண்டாம் ஷிஃப்ட் முடித்து டூவீலரில் வந்தவரை இதே நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் தட்டிவிட்டுப் போனது. அதற்குமுன் மெஷின் ஓட்டினார், இப்போது டூல் ஸ்டோரில் உட்கார்ந்து வேலை. முதல் ஷிஃப்ட், ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். அம்மா கார்மென்ட்ஸ் கம்பெனிக்குப் போகிறாள், அவளுடைய வேன் ஐந்து மணிக்கே வந்துவிடும். எனக்கு எட்டரைக்குத்தான் வேலை. கார்களுக்கு ஒயர் கட்டு செய்கிற ஹார்னஸ் கம்பெனியில் தரப்பரிசோதனை. ஆகவே அப்பாவைக் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. அதற்காகத்தான் அந்தப் பழைய பெட்ரோல் காரையே வாங்கினோம். 'அதற்காக' என்று வீட்டில் சொல்லிக்கொண்டோம். எனக்கு இன்ஜின் மேல் இருக்கும் பைத்தியமும் ஒரு காரணம். பர்கூரில் இன்ஜினியரிங் படித்தபோது விடுதி வாசலில் யாருடைய பைக் நின்றாலும் கழற்றிப் பார்த்துவிடுவேன் என்பதால் சாவியை ஒளித்து வைப்பார்கள்.

எங்கள் குடியிருப்பு நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம், கம்பெனி அந்தப் பக்கம். மேம்பால வேலை நடந்ததால் கீழே இருந்த சுரங்கப்பாதையை அடைத்திருந்தார்கள். கடக்க அந்த இடைவெளி ஒன்றுதான். வீட்டிலிருந்து அங்கே போக நான்கு நிமிஷம். அதாவது இன்ஜின் குளிர்ந்து கிடக்கிற அதே நேரத்தில், உலகத்திலேயே அணையக் கூடாத ஓர் இடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தோம்.

பயத்தை நான் முதலில் பயமாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலையாக எடுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே ஸ்பார்க் பிளக் நான்கையும் மாற்றினேன். பிளக்கில் கரி இல்லை, வெளுத்திருந்தது. பெட்ரோல் போதாமல் எரிகிற இன்ஜினில்தான் பிளக் அப்படி வெளுக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், புதிதாக மாட்டிவிட்ட சந்தோஷத்தில் பழையதைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை தெருமுனையிலேயே அணைந்தது.

இந்தக் கோளாறின் கொடுமை என்னவென்றால், ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் அதைப் பார்க்க முடியும். வெயில் ஏறியபின் வண்டி தங்கம். மாலையில் அதைவிடத் தங்கம். சனிக்கிழமை மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவர் பத்து மணிக்கு ஸ்டார்ட் செய்து, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஏன் மேடம், நல்லாத்தானே ஓடுது? குளிருக்கு நீங்களே எழுந்திருக்க மாட்டேங்கிறீங்க, அது மட்டும் எழுந்திருக்கணுமா?" என்று சிரித்தார். விட்டுவிட்டுப் போங்கள், காலையில் பார்க்கிறேன் என்றார். அவருடைய காலை ஒன்பதரைக்கு ஆரம்பிக்கும்.

எனவே ஒவ்வொரு சாயங்காலமும் ஒன்றைச் செய்துவிட்டு, அது சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள மறுநாள் ஐந்தரை வரை காத்திருக்க வேண்டும். சோதனைக் கூடம் அந்த இடைவெளி. சோதனைப் பொருளுடன் கூடவே அப்பாவும் உட்கார்ந்திருப்பார்.

காற்றுக் குழாயின் வாயைக் கழுவினேன். ஏர் ஃபில்டர் மாற்றினேன். பேட்டரி முனைகளைத் தேய்த்தேன். என்னிடம் காரில் செருகிச் செல்போனில் பார்க்கிற சின்ன ஸ்கேனர் இருந்தது. செருகிப் பார்த்தேன், கோளாறு எண் எதுவும் இல்லை என்றது. அதை நம்பினேன். அரை மணி நேரம் முன்னதாகவே எழுந்து வாசலில் ஸ்டார்ட் செய்து, அணைய அணையப் பிடித்து, ஆக்சிலரேட்டரை மிதித்தபடி உட்கார்ந்திருந்தேன். வெப்பம் காட்டும் முள் அடிமட்டத்தைவிட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. வீட்டுக்கார அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் தெலுங்குக்காரர், எங்களிடம் தமிழ்.

"ஏம்மா, ராத்திரியோட ராத்திரியா வாசல்ல ஃபேக்டரி கட்டிட்டியா? சொல்லியிருந்தா வாடகைய ஏத்தியிருப்பனே."

"பத்து நிமிஷம்க்கா."

"பத்து நிமிஷம்னு சொல்லி அர மணி ஆச்சு. எங்க வீட்டுக்காரர் எழுந்து காபி கேக்கறாரு. அவரு எழுந்திருக்கற நேரமா இது?"

நாலைந்து நாளில் பயம் வேலை என்ற வேஷத்தைக் கழற்றிவிட்டது. நாலு மணிக்கு அலாரம் இல்லாமல் விழிப்பு. கைபேசியில் வெப்பநிலை பார்ப்பேன். பதினான்கு என்று இருந்தால் கொஞ்சம் மூச்சு வரும், பன்னிரண்டு என்றால் கை வியர்க்கும். குளிரில் கை வியர்ப்பது எனக்கு அப்போதுதான் பழக்கமானது. அந்த இடைவெளிக்கு முன்னால் நிற்கும்போது என் உடம்பில் காது மட்டும்தான் இருக்கும். இன்ஜின் சத்தத்தில் எங்கே ஒரு தட்டு விட்டுப் போகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அப்பா ஏதாவது சொன்னால்கூடக் கேட்காது.

எங்கள் கம்பெனியில் கோளாறு வந்தால் ஒரு தாள் எடுப்போம். மீன் முள்போல ஒரு படம் வரைந்து ஒவ்வொரு முள்ளிலும் ஒரு காரணத்தை எழுதுவோம். இயந்திரம், பொருள், முறை, சூழல், ஆள். பிறகு ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு அடி வரைக்கும் போக வேண்டும். ஆறாம் நாள் நானும் வீட்டில் அப்படி ஒரு தாளை எடுத்தேன். இயந்திரத்தின்கீழ் பெட்ரோல் பம்ப், காற்றுக் கசிவு. பொருளின்கீழ் கலப்படப் பெட்ரோல். சூழலின்கீழ் குளிர், இரண்டு அடிக்கோடு. 'ஆள்' என்ற முள்ளுக்கு எதிரே ஒரு சின்னக் கோடு கிழித்து 'இல்லை' என்று எழுதினேன். கம்பெனியில் அந்த முள்ளைத்தான் முதலில் நிரப்புவோம். ஆப்பரேட்டர் கவனக்குறைவு என்று எழுதாத தாளை நான் பார்த்ததே கிடையாது. நானே எத்தனையோ எழுதியிருக்கிறேன். வீட்டுத் தாளில் அந்த இடத்தில் எழுத யாருமே இல்லை என்று எனக்குத் தோன்றியது. காரைத் தொடுகிற ஆள் நான் ஒருத்திதானே.

நெடுஞ்சாலையின் குறுக்கே இரண்டாவது தடவை அணைந்தது அதற்கு மறுநாள்.

இம்முறை முதல் தடத்தைத் தாண்டி, இடைவெளியில் நின்று, எதிர்த் தடம் காலி என்று பார்த்துத்தான் எடுத்தேன். பெங்களூரிலிருந்து வருகிற தடம் அது, வண்டிகள் இடப்பக்கத்திலிருந்து வரும். இடப்பக்கம் அப்பா உட்கார்ந்திருக்கும் பக்கம். தடத்தின் நடுவுக்கு வந்ததும் இன்ஜின் பெருமூச்சுபோல ஒன்று விட்டு நின்றது. விளக்குகள் மங்கின. பனிக்குள் இரண்டு மஞ்சள் புள்ளிகள் அப்பாவின் காதுக்குப் பின்னால் தெரிந்தன.

சாவி. இருமல். சாவி. இருமல்.

"நீ எறங்கு" என்றார் அப்பா.

"இருப்பா, பிடிச்சிரும்."

"எறங்குன்னு சொல்லுதேன்ல!"

எட்டு வருஷத்தில் அவர் அப்படிக் கத்தியதில்லை. நான் இறங்கவில்லை. என்ன செய்தேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. முதல் கியரில் போட்டுக் கிளட்சை விட்டபடியே சாவியைத் திருப்பியிருக்கிறேன். ஸ்டார்ட்டர் மோட்டாரின் பலத்திலேயே வண்டி குதித்துக் குதித்து ஓரத்துக்குப் போயிற்று. ஒரு கம்பெனி பஸ் கடந்தது. அதன் ஜன்னல்களில் தூங்கி வழிந்த தலைகள் எல்லாம் ஒன்றாக முன்னால் சரிந்து பின்னால் போனதை மட்டும் தெளிவாகப் பார்த்தேன். அதன் ஓட்டுநர் பிரேக் போட்டிருக்கிறார்.

மண் ஓரத்தில் வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன்.

"நாளையிலருந்து நான் பஸ்ஸுல போயிக்கிருதேன்" என்றார்.

"பஸ்ஸு படி உனக்கு ஒசரம்பா."

"ஒசரமா இருந்தா என்ன, கம்பியப் பிடிச்சு ஏறிக்கிருதேன். நீ வண்டிய நல்லாப் பாரு. பாத்துட்டுச் சொல்லு."

அவர் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டு அழுதிருக்கலாம்.

கம்பெனி பஸ் எங்கள் தெருமுனைக்கே வரும். முதல் படி அவருடைய இடுப்புக்குச் சற்றுக் கீழே. மறுநாள் காலை நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். நல்ல காலை முதலில் தூக்கிப் படியில் வைத்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்தார். செயற்கைக் கால் படியின் விளிம்பில் இடித்துப் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. உள்ளே இருந்த ஒருவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். பஸ் நகர ஆரம்பித்தபோது அப்பாவின் ஒரு கால் இன்னும் கீழ்ப்படியில்தான் இருந்தது. இரண்டாம் நாளும் போய்ப் பார்த்தேன். மூன்றாம் நாள் பார்க்கப் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே நின்று பஸ் சத்தம் தூரமாகிற வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குத்தான் கல்லூரி நண்பனுக்குப் போன் செய்தேன். சாமல்பட்டிக்காரன். இங்கே ஓசூரிலேயே ஓர் இன்ஜின் சோதனைக் கூடத்தில் வேலை செய்கிறான். அவனிடம் கேட்பதை இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்கு ஒரே காரணம், கேட்டால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே காலுக்குக் குரங்குக் குல்லாயும் போர்வையுமாக வந்தான்.

"என்னாத்துக்குடி இந்த நேரத்துக்கு வரச் சொன்ன? பால்காரன்கூட இன்னும் வரல."

"இந்த நேரத்துலதான்டா அணையுது."

"நல்ல வண்டி. ஓனர் மாதிரியே. காலையில வேல செய்யாது."

அப்பா உள்ளிருந்து நாற்காலியை இழுத்து வந்து வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை, ஆனாலும் எழுந்துவிட்டார்.

நண்பன் என் ஸ்கேனரைக் கேட்டான். கோளாறு எண் எதுவுமே இல்லை என்று ஏற்கனவே பார்த்துவிட்டேன் என்றேன்.

"நம்பர் இல்லன்னா நோவு இல்லன்னு யாரு சொன்னா? வண்டி என்ன நெனச்சிக்கிட்டிருக்குதுன்னு பாத்தியா?"

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னான். திருப்பியதும் ரேடியேட்டர் விசிறி ஓவென்று சுற்ற ஆரம்பித்தது. அவன் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினான்.

"இது ஏன் சுத்துது?"

"அது எப்பவுமே சுத்தும்" என்றேன். என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவன் செல்போன் திரையில் கோளாறு எண்களை விட்டுவிட்டு, சென்சார்கள் அந்த நொடியில் என்ன சொல்கின்றன என்ற பக்கத்தைத் திறந்தான். இன்ஜின் தண்ணீரின் வெப்பம் என்ற வரியில் விரலை வைத்தான். நூற்று நான்கு டிகிரி.

ராத்திரி முழுக்கப் பனியில் நின்ற வண்டி. பானெட்டைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும்போல இருந்தது.

"ஏன்டி, உள்ள சுடுதண்ணி வச்சிருக்கியா? குளிச்சிட்டுப் போறன்."

சிரிப்பதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றேன். எனக்குத் தெரிந்துவிட்டது. முழுவதும், ஒரே நொடியில்.

மே மாதம் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு கல்யாணத்துக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு பர்கூர் போனேன். கிருஷ்ணகிரி தாண்டி வண்டிகள் தேங்கி நின்றதில் எங்கள் இன்ஜின் கொதித்தது, முள் சிவப்பைத் தொட்டது, ஆவி கிளம்பியது. விசிறி சுற்றவில்லை. ரோட்டோரத்தில் ஒரு மரம் நூறடி தூரத்தில் இருந்தது. சரிவான ஜல்லியில் அப்பாவால் அவ்வளவு தூரம் இறங்க முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் காருக்குள்ளேயே, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, வெயிலில் உட்கார்ந்திருந்தார். வாய் ஓரத்தில் எச்சில் காய்ந்து வெள்ளையாக இருந்தது. கடைசியில் வந்த மெக்கானிக் தண்ணீர் ஊற்றி, "இந்த வெயிலுக்கு இது என்னாத்துக்கு?" என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இன்ஜின் சூடாகிற வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து வைக்கிற வால்வு அது.

எனக்கு அது போதவில்லை. இனி ஒரு நாளும் விசிறி நிற்கக் கூடாது. அந்த வாரமே நான் ஒன்று செய்தேன். இன்ஜின் கம்ப்யூட்டருக்குத் தண்ணீரின் வெப்பத்தைச் சொல்வது ஒரு சென்சார். அது சொல்கிற அளவைப் பார்த்துத்தான் விசிறியைச் சுற்றவிடுவதும், எவ்வளவு பெட்ரோல் தெளிப்பதும். நான் சென்சாரின் ஒயரைக் கழற்றி, அதற்குப் பதிலாக ஒரு சின்ன ரெசிஸ்டரை, அதாவது மின்தடையை, வைத்தேன். கம்ப்யூட்டர் அதைப் பார்த்து, தண்ணீர் எப்போதும் கொதிக்கிறது என்று நம்பும். விசிறி எப்போதும் சுற்றும். என் கண்ணுக்கு முன்னால் இருக்கும் முள்ளுக்குத் தனி சென்சார் என்பதால் அது பாட்டுக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும். கோடை முழுக்கச் சொல்லி வைத்ததுபோல வேலை செய்தது.

சூடான இன்ஜினுக்குப் பெட்ரோல் குறைவாகத் தெளித்தால் போதும். குளிர்ந்த இன்ஜினுக்கு நிறைய வேண்டும். டிசம்பரில் நடுங்கிக்கொண்டிருந்த இன்ஜினுக்கு, கொதிக்கிற இன்ஜினுக்கான பெட்ரோலை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தது என் ரெசிஸ்டர். போதாததற்கு விசிறி வேறு, தடுக்க வால்வு இல்லாமல், அதைச் சூடேற விடாமல் விசிறிக்கொண்டிருந்தது. அரைமணி நேரம் ஓடவிட்டும் முள் எழாததற்கு அதுதான் காரணம்.

நான் அதை மறந்துவிடவில்லை. அந்த விசிறிச் சத்தத்தைத் தினமும் கேட்டேன். நான் செய்ததிலேயே நல்ல காரியம் என்ற கணக்கில் அது இருந்தது, தப்புகளைத் தேடும்போது அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நண்பன் டார்ச்சை அடித்துக் கனெக்டரைக் கண்டுபிடித்தான். ரெசிஸ்டரின் இரண்டு முனையும் முறையாக நசுக்கிக் கிரிம்ப் செய்யப்பட்டு, மேலே கறுப்புக் குழாய் சுருக்கிப் போர்த்தப்பட்டு, ஒயரோடு ஒயராகக் கட்டப்பட்டிருந்தது. பரிசோதித்தாயிற்று என்பதற்கு எங்கள் கம்பெனியில் வைக்கிற வெள்ளைப் பெயின்ட் புள்ளிகூட இருந்தது. கைப்பழக்கம்.

"மெக்கானிக் வேல இல்ல இது" என்றான். "மெக்கானிக்கா இருந்தா டேப்ப சுத்தி விட்டிருப்பான். இது கம்பெனி வேல. திருட வந்தவன் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கான் பாரு." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பிறகு அப்பா பக்கம் பார்த்தான். டார்ச்சை அணைத்துவிட்டான்.

"டீ எதாவது போடறியா?" என்றான் மெதுவாக.

அடுத்த நான்கு நாட்கள் வேலை செய்தோம். ரெசிஸ்டரை எடுத்துவிட்டுச் சென்சாரை மாட்டினால் வண்டி குளிரில் நிற்காது, ஆனால் விசிறி மறுபடி நின்றுவிடலாம். ஒரு பயத்தைக் கழற்றினால் உள்ளே பழைய பயம் உட்கார்ந்திருந்தது. மே மாதத்தில் ஏன் விசிறி சுற்றவில்லை என்று நான் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பார்த்தோம். விசிறிக்கு மின்சாரம் விடுகிற ரிலேயின் கால்கள் பச்சை பூத்து அரித்து, பிடித்தால் பிடிக்கும், விட்டால் விடும் என்று இருந்தன. அதை மாற்றினோம். புது தெர்மோஸ்டாட் வால்வு போட்டோம். பனியில் நிற்கவைத்து ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் முதலில் வேகமாகச் சுற்றி, பிறகு தானாகத் தணிந்தது. பத்தே நிமிஷத்தில் முள் எழுந்தது. விசிறி சுற்றுகிறதா என்று பார்க்க, அரை நாள் லீவு போட்டு, மத்தியான வெயிலில் நாற்பது நிமிஷம் நிற்கவைத்து ஓடவிட்டேன். முள் பாதியைத் தாண்டியதும் விசிறி சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. ஒன்பது தடவை கேட்டபிறகுதான் அணைத்தேன்.

மிச்சம் அப்பாவிடம் சொல்ல வேண்டியது. சொல்லாமல் விட்டுவிடலாம், சென்சார் கெட்டுவிட்டது என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். அவர் நம்புவார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் செய்தது என்று தெரியாமலே என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் அந்த ரோட்டைக் கடப்பார் என்பது, அந்த மஞ்சள் விளக்குகளைவிட மோசமாக இருந்தது.

சாப்பாட்டுத் தட்டை வைத்தபோது சொன்னேன். ரெசிஸ்டரைக் காட்டினேன். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளங்கையில் வைத்து லைட்டுக்குக் காட்டிப் பார்த்தார்.

"இதா?"

"ஆமாப்பா."

"இத வச்சா அதுக்குக் கொதிக்குதுன்னு தோணுமாக்கும்."

"ஆமா."

"மே மாசத்துல வச்ச."

"ஆமா."

திருப்பித் தந்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். நான் காத்திருந்தேன். மோரும் ஊற்றிக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்து, பேசாமல் இரு என்று கண்ணைக் காட்டினாள்.

"பஸ்ஸுல முன் சீட்ட எனக்குன்னு விட்டு வைக்கானுவ" என்றார் கையைக் கழுவிக்கொண்டே. "நாளைக்கு வரலன்னு இப்பவே சொல்லிரணும். இல்லேன்னா காத்துக்கிட்டு நிப்பானுவ."

போன் செய்து சொன்னார்.

மறுநாள் பதினொரு டிகிரி. வாசலில் முதல் திருப்பிலேயே பிடித்தது. தெருமுனையைத் தாண்டினோம், அணையவில்லை. முதல் தடத்தைக் கடந்தோம், அணையவில்லை. இடைவெளிக்குள் போய் நின்று எதிர்த் தடத்தைப் பார்த்தேன். லாரி, பஸ், பின்னால் இன்னொரு லாரி. இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வாரத்தில் முதல் தடவையாக, காருக்குள் வேறு சத்தங்களும் எனக்குக் கேட்டன. வைப்பர் உரசுவது. அப்பாவின் மூச்சு. பிறகு, துணி கிழிவதுபோல ஜர்ர்ரென்று ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். அப்பா பேன்ட்டை முழங்கால்வரை ஏற்றிவிட்டு, செயற்கைக் காலைப் பிடித்திருக்கும் ஒட்டுப்பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒன்றைப் பிரித்தாயிற்று, கை இரண்டாவதில் இருந்தது. சீட் பெல்ட் ஏற்கனவே கழன்று கிடந்தது. இடது கை கதவுப் பிடியில்.

"என்னப்பா பண்ற?"

"ஒண்ணுமில்ல. நீ ரோட்டப் பாரு."

"கால ஏன்ப்பா கழத்துற?"

"மாட்டியிருந்தா முன்னால டேஷ்போர்டுக்குக் கீழ சிக்கிக்கிருது. கழத்திட்டா ஒரே தவ்வுல வெளிய விழுந்துரலாம்." சொல்லிவிட்டு, கூச்சத்தோடு சிரித்தார். "பழகிருச்சு தாயி. முத நாளு நின்னுச்சுல்ல, அதுலருந்து. நீ இன்ஜினத்தான் கேட்டுக்கிட்டிருப்ப, கவனிச்சிருக்க மாட்ட."

"வண்டி சரியாயிருச்சுப்பா."

"சரியாயிருச்சு. நாந்தான் கேக்கேன்ல, நல்லாத்தான் ஓடுது." இரண்டாவது பட்டையையும் பிரித்தார். காலை உருவி மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். "நீ போ. அந்தா, இடம் விட்டுருச்சு பாரு."

இடம் விட்டிருந்தது. போனேன். அப்பாவின் பக்கத்திலிருந்து வெளிச்சம் வளர்ந்து வந்து, நாங்கள் தாண்டியபிறகு பின்னால் கடந்தது. இன்ஜின் ஒரு தட்டுகூட விடவில்லை.

கம்பெனிச் சாலையில் திரும்பியதும் அவர் குனிந்து காலை மாட்ட ஆரம்பித்தார். சாக்ஸை இழுத்துச் சுருக்கம் எடுத்து, காலை உள்ளே நுழைத்து, ஒவ்வொரு பட்டையாக இழுத்து ஒட்ட வேண்டும். ஆடுகிற வண்டியில் அது அவ்வளவு சுலபம் இல்லை, பட்டை வளையத்துக்குள் போகாமல் இரண்டு தடவை நழுவியது. எங்களைத் தாண்டி பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. நான் இரண்டாம் கியருக்குக் குறைத்து, பள்ளம் பார்த்து ஓட்டினேன். கேட் தெரிந்தது. அவர் இன்னும் கடைசிப் பட்டையில் இருந்தார். கேட்டுக்கு முன்னால் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், அவர் முடிக்கிற வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.